வீராணத்து வாத்துகள்

சம்பா அறுவடை முடிந்ததும் காட்டுமன்னார்கோயில் பக்கம் மேய்ப்பவர்கள் ஓட்டிவரும் வளர்ப்பு வாத்துக் கூட்டங்கள் வந்து இறங்கும். அறுத்த வயலில் சிந்திய நெல்லும் நத்தையும்தான் தீனி. வீராணம் ஏரியில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வலசை வந்து தங்கும் பருவமும் ஏறக்குறைய அதுதான். கால்நடை மருத்துவரான எனக்கு அப்போது பறவைக் காய்ச்சல் கண்காணிப்பு வேலை.

மேய்ப்பவர் வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். நான் வாலைத் தூக்கி, எச்சத் துவாரத்தில் பஞ்சுக் குச்சியை விட்டு ஒரு சுற்று சுற்றி எடுத்து, குப்பியில் இருக்கும் திரவத்தில் முக்கி, மிச்சக் குச்சியை ஒடித்துவிட்டு மூடுவேன். அப்புறம் ஐஸ் பெட்டி. வாத்து சும்மா இருக்குமா? சட்டையெல்லாம் கழிந்து வைக்கும்.

“எல்லாம் நல்லாத்தானே மேயுது சார், எதுக்கு இது?” என்பார்கள். சிக்கலே அதுதான். பறவைக் காய்ச்சலின் கொடிய வகையான எச்5என்1 வந்தால் கோழிகள் ஓரிரு நாளில் கொத்துக் கொத்தாகச் சாயும். வாத்தோ பல நேரம் தெம்பாக மேய்ந்துகொண்டே எச்சத்தில் வைரஸை வெளியேற்றும்.

ஊரில் பழி மட்டும் வெளிநாட்டுப் பறவைக்கு. எனக்கு அது ஒப்பவில்லை. வீரியம் குறைந்த ஃப்ளூ வைரஸ்கள் நீர்ப்பறவைகளிடம் காலங்காலமாக உண்டு, சரி. ஆனால் இன்று உலகைச் சுற்றும் கொடிய வகையின் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டாங்கில், பண்ணையில் வளர்த்த பெருவாத்தில்தான் கண்டறியப்பட்டது. 2005இல் அதே சீனாவின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் அதற்குப் பலியாயின. மறு ஆண்டு மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் கோழிப் பண்ணைகளில் நம் நாட்டுக்குள் முதல்முறை தலைகாட்டியது. வளர்ப்புப் பறவையிடமிருந்து காட்டுக்குப் போனது, இப்போது காட்டிலிருந்தும் திரும்பி வருகிறது. இரண்டுக்கும் நடுவே பாலம் ஏரித் தண்ணீரும், அதில் இறங்கும் நம் வாத்தும்.

ஏரியில் இறக்காதீர்கள், ராத்திரிப் பட்டியைக் கோழி வளர்க்கும் வீட்டை ஒட்டிப் போடாதீர்கள் என்று சொல்வேன். “தண்ணி இல்லாம வாத்து எப்படி சார்?” என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். நியாயம்தான். என்னிடம் நல்ல பதில் இல்லை.

சந்தேகம் வந்தால் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகம்தான் உறுதி செய்ய வேண்டும். அதற்குள் கூட்டம் சேத்தியாத்தோப்பு தாண்டியிருக்கும். அதனால் இப்போதெல்லாம் குச்சி உறையைப் பிரிக்கும் முன்பே, மேய்ப்பவரின் செல்போன் எண்ணையும் அடுத்து எந்த ஊர் வயலைப் பேசி வைத்திருக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.