ஓட்டின் மேல் ஒரு எண்

ஆம்லெட் போட முட்டையைக் கையில் எடுத்தேன். எப்போது வாங்கியது என்றே நினைவில்லை. அட்டைப்பெட்டியை அன்றைக்கே குப்பையில் போட்டாயிற்று, தேதியும் அதோடு போய்விட்டது.

ஓட்டில் மட்டும் சிவப்பு மையில், பாதி அழிந்து, 3 என்று தொடங்கும் ஒரு குறியீடு.

3 என்றால் கூண்டுக் கோழி.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கடைக்கு வரும் முட்டைக்கு 2004 முதல் இந்த முத்திரை கட்டாயம். 0 என்றால் இயற்கை வேளாண்மை, 1 வெளியே மேயவிட்டது, 2 கொட்டகைக்குள் வளர்ந்தது. அடுத்து நாடு, அப்புறம் பண்ணை. எதுவரை நன்றாக இருக்கும் என்று பெட்டியில் அச்சிடும் தேதி, முட்டையிட்டதிலிருந்து 28 நாளைத் தாண்டக் கூடாது.

கோழி எப்படி வாழ்ந்தது என்பதை ஓட்டிலேயே சொல்ல வைத்த சட்டம், தேதியையும் அங்கேயே அடிக்கச் சொல்லியிருக்கலாம். பெட்டியை எத்தனை பேர் வைத்திருக்கிறோம்?

இனி மூடியைக் கிழித்து முட்டைக்குப் பக்கத்திலேயே வைக்கப் போகிறேன்.