புகையிரதத்தின் கதி யாது?

தஞ்சாவூரிலிருந்து திருகோணமலைக்கு வருகிறவன் கைக்கடிகாரத்தைக்கூடத் திருப்பி வைக்க வேண்டியதில்லை. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் இயற்பியல் நடத்த வந்த எனக்கு, கிளம்பும்போது பெரிய கவலை எதுவும் இல்லை. சென்னையில் விமானம் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் கொழும்பு. கோட்டை ஸ்டேஷனில் இரவு ரயில் பிடித்தால் காலையில் கடல். ஊரில் தமிழ் பேசுகிறார்கள், இட்லியும் கிடைக்கும். வெளிநாடு போகிறேன் என்று சொல்லிக்கொள்ளவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

முதலில் மல்லுக்கு நின்றது செல்போன் சார்ஜர். சுவரில் சதுர ஓட்டைகள், என்னுடையதோ உருண்டைக் கம்பி. சரி, கடைக்குப் போனால் தீர்ந்துவிடும். அடுத்தது அப்படித் தீரவில்லை. உப்புவெளியில் அறை கொடுத்திருந்த அக்கா, காலையில் வாசலில் நின்று, "தம்பி, போகேக்க திறப்பை மறந்திடாதீங்கோ" என்றார். வளாகத்தில் ஏதோ திறப்பு விழா போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போனேன். மாலையில் திரும்பி வந்து, பூட்டிய கதவின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது, திறப்பு என்றால் சாவி.

நான் பாடம் நடத்துவது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில். நிலாவெளிப் பக்கம், கோணேசபுரி. விரிவுரை ஆங்கிலத்தில்தான். வகுப்பில் சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் உண்டு. உயர்தரம் (நம் பிளஸ் டூ மாதிரி) வரை தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள் ஆங்கிலத்தில் திணறுவதைப் பார்த்து, வாரத்தில் ஒரு நாள் மாலையில் அவர்களுக்குத் தமிழிலேயே கணக்குப் போட்டுக் காட்டலாம் என்று நானாகத்தான் ஆரம்பித்தேன். நம் மொழிதானே என்ற தைரியம்.

முதல் நாள், லிஃப்ட் கணக்கு. "60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் மேலே போகிற லிஃப்டில் நிற்கிறார்" என்று பலகையில் எழுதினேன். முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். "சேர், நிறை நியூட்டனில எல்லோ வரும்? கிலோகிராம் திணிவுக்குத்தானே?"

"நிறை கிலோகிராமில்தானம்மா. எடைதான் நியூட்டன்."

"எடையோ?" வகுப்பே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது.

கால் மணி நேரம் கழித்துத்தான் முடிச்சு அவிழ்ந்தது. எங்கள் பாடப்புத்தகத்தில் பொருளின் அளவு நிறை, பூமி அதை இழுக்கும் விசை எடை. இங்கே பொருளின் அளவு திணிவு, அந்த விசைதான் நிறை. நியூட்டனின் இரண்டாம் விதியில் நான் எதைச் சொன்னேனோ, அவர்கள் காதில் அதன் பக்கத்து வீட்டுக்காரன் விழுந்திருக்கிறான்.

முழுக்க வேறான சொற்களால் ஆபத்தே இல்லை. முடுக்கம் இங்கே ஆர்முடுகல், நிலைமம் சடத்துவம், எலக்ட்ரான் இலத்திரன். தெரியாத சொல் என்றால் கேட்டுவிடுவார்கள், நானும் கேட்டுவிடுவேன். தெரிந்த முகத்தோடு வந்து நிற்கிற சொல்தான் கவிழ்க்கும். ஒரு நாள் ஒப்படையில் (அசைன்மென்டுக்கு இங்கே அதுதான் பெயர், எனக்குப் பிடித்துவிட்டது) "மாறாத வேகத்தில் வட்டமாகச் சுற்றும் கல்" என்று ஒரு கேள்வி கொடுத்தேன். ஒரு பையன் பதிலே போடாமல், "அப்படி ஒரு கல் இருக்க முடியாது" என்று எழுதியிருந்தான். திமிர் என்று நினைத்துப் பூச்சியம் போட்டேன். இங்கே வேகம் என்றால் நாம் திசைவேகம் என்கிறோமே, அது. வட்டத்தில் திசை மாறிக்கொண்டே இருக்கும்போது அது மாறாமல் எப்படி இருக்கும்? பையன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அடுத்த வாரம் எல்லோர் முன்னாலும் முழுப் புள்ளி கொடுத்தேன். புள்ளி என்றால் மதிப்பெண்.

ஆங்கிலத்தில் கேட்ட சிங்களப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. என் தாய்மொழிக்காரர்களைத்தான் நான் அதிகம் குழப்பினேன்.

மற்றபடி ஊர் சுலபமாகவே பழகிவிட்டது. பௌர்ணமிதோறும் அரசு விடுமுறை என்று தெரியாமல் ஒரு போயா நாளில் பாடக் குறிப்போடு போய் ஆளில்லாத வளாகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். ஈழத்துப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டில் ஒன்று என்பதால், அம்மா போன் போடும்போதெல்லாம் கோணேசர் கோயிலுக்குப் போனாயா என்பார். போகிறேன். கோயில் இருக்கும் பழைய கோட்டைக்குள் நுழைந்ததும் புள்ளிமான்கள் தெருநாய் மாதிரி குறுக்கே வரும், அதையும் அம்மாவிடம் சொன்னேன், நம்பவில்லை. ஜூனில் அனலாக அடிக்கிற காற்றுக்குக் கச்சான் என்று பெயர். கடற்கரையில் சுருளில் விற்கிற வேர்க்கடலைக்கும் கச்சான்தான். இதற்கு யாரும் எனக்கு விளக்கம் சொல்லவில்லை, நானும் தின்றுகொண்டே நடந்துவிட்டேன்.

வேகத்துக்குத் திசை சேர்ந்துவிட்டால், திசையில்லாத வெறும் வேகத்துக்கு இங்கே என்ன சொல்? பிள்ளைகளின் பழைய வினாத்தாள் ஒன்றைப் புரட்டியபோது கிடைத்தது: "புகையிரதத்தின் கதி யாது?" தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எங்கள் ஊரில் யாராவது ரயிலின் கதி என்ன என்று கேட்டால், எங்கோ தடம் புரண்டுவிட்டது என்று அர்த்தம். கலைச்சொல் உண்டாக்கிய பண்டிதர் யாரோ அகராதியிலிருந்து கிண்டி எடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அன்று இரவு விடைத்தாள்களில் மூழ்கியிருந்தேன். அக்கா இரண்டு முறை கூப்பிட்டும் போகவில்லை. மூன்றாம் முறை குசினியிலிருந்து குரல் வந்தது: "தம்பி, கெதியா வாங்கோ, சொதி ஆறுது!"

கெதியா. சீக்கிரமாக என்று அர்த்தம். வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கடையில், பஸ்ஸில், இந்த வீட்டில். சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்தேன். இடியப்பத்தோடு சம்பலும் இருந்தது.