கடைசி நாளின் மாலையும் பராமரிப்புக் கணக்கும்

மாநில அரசுத் துறை ஒன்றின் இணையதளப் பராமரிப்புக் குழுவில் பணியாற்றத் தொடங்கிய பிறகு, ஒப்பந்தங்களில் தவறாமல் இடம்பெறும், தளம் 99.9 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்ற இலக்கின் மீது எனக்கிருந்த மதிப்பு குறைந்துகொண்டே வந்தது. அந்தக் கணக்கின்படி ஒரு தளம் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம் முடங்கலாம். அந்த நேரம் ஏதோ ஒரு நள்ளிரவில் கழிந்தால் எவரும் அறியமாட்டார்கள். உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள் மாலையில் கழிந்தால், இ-சேவை மையத்தில் சான்றிதழ்களோடு காத்திருக்கும் மாணவி அவ்வாண்டின் உதவித்தொகையையே இழக்க நேரிடும். எனவே, முடங்கிய நேரத்துக்கு ஈடாகக் கடைசித் தேதி தானாகவே நீள வேண்டும் என்பதை ஒவ்வொரு துறையும் விதியாக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

எங்கள் பராமரிப்பு அட்டவணையைத் துறையின் நாட்காட்டியை ஒட்டியே வகுக்கிறோம். கடைசித் தேதிக்கு முந்தைய வாரத்தில், அவசரப் பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர வேறெந்த மாற்றமும் செய்வதில்லை. நான் கண்டவரை, தளங்களை அதிகம் முடக்குபவை ஊடுருவல்கள் அல்ல. சர்வரில் இடம் நிரம்புவது, தளம் உண்மையானதுதான் என உலாவிக்கு உறுதிசெய்யும் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவது போன்ற, முன்கூட்டியே தெரியக்கூடிய காரணங்களே. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாட்கள் அமெரிக்க அரசின் பல துறைகள் நிதி ஒதுக்கீடின்றி முடங்கியிருந்தபோது, 80க்கும் மேற்பட்ட அரசுத் தளச் சான்றிதழ்கள் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயின. அவற்றுள் சில தளங்களைத் திறக்கவே உலாவிகள் மறுத்தன. சான்றிதழின் உச்ச ஆயுளும் 398 நாட்களிலிருந்து படிப்படியாகக் குறைந்து 2029இல் 47 நாட்களாகவிருக்கிறது. இனி இதை ஓர் அலுவலரின் நினைவாற்றலை நம்பி விட்டுவைக்க இயலாது. புதுப்பித்தல் தானாக நடக்க வேண்டும், தவறினால் குறைந்தது இருவருக்கு எச்சரிக்கை செல்ல வேண்டும்.

தென் கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று மின்கலங்களில் பற்றிய தீயால் 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றுபோயின; அரசு ஊழியர்களின் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் தரவுக்கு வெளியே காப்பு நகலே இல்லை. எங்கள் காப்பு நகல் வேறொரு மையத்தில் இருக்கிறது. ஆயினும், அதிலிருந்து வேறொரு சர்வரில் முழுத் தளத்தையும் எழுப்பிப் பார்க்கும் ஒத்திகையை எவ்வளவு வேலைப்பளுவிலும் நாங்கள் தள்ளிப்போடுவதில்லை. வழிமுறைக் குறிப்பை எழுதியவரை அதில் ஈடுபடுத்தாமல், குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் அக்குறிப்பை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்கிறோம். அவர் எந்த வரியில் தடுமாறி நிற்கிறாரோ, அந்த வரி அன்று மாலைக்குள் திருத்தி எழுதப்படுகிறது.