தாடியோடு போனால் திரும்பி வரவேண்டியதுதான்

கனடாவில் எட்மன்டனிலிருந்து கிராண்ட் பிரெய்ரிக்கு 450 கிலோமீட்டருக்கு மேல். இருட்டில், பனியில் ஓட்டிப்போய், எரிவாயுக் கிணற்று வேலைக்கு வேண்டிய எட்டு மணிப் பாதுகாப்பு வகுப்புக்கு ஏழே முக்காலுக்கு நின்றேன். பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்தார். "தாடி?" என்றார். அன்றைய வகுப்பு அதோடு போயிற்று. ரேசர் வாங்கக் கடை திறப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த வகுப்பு நான்கு நாள் கழித்து; மோட்டல் வாடகை என் தலையில்.

வடக்கு அல்பெர்டாவில் எரிவாயுக் கிணறு தோண்டும் ரிக்கில் வேலைக்கு எச்2எஸ் அலைவ் சான்றிதழ் இல்லாமல் சேரவே முடியாது. எச்2எஸ் என்பது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும்; 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) அளவுக்குப் போனால் சில நிமிடத்தில் மூக்கே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, தப்பித்தோம் என்று நினைப்பவன்தான் விழுவான். அதனால் காற்று முகமூடி தோலோடு ஒட்டவேண்டும். ஒரு நாள் வளர்ந்த குத்துமுடிகூட ஆகாது. மீசை தப்பியது, முகமூடிக்குள் அடங்கிவிடுகிறதே. வேலைக்கு எடுத்த அலுவலகம் அனுப்பிய பட்டியலில் இதைப்பற்றி ஒரு சொல் இல்லை. போன் செய்தால், "அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்றார் அந்த அம்மா.

முதலுதவி, போதைப்பொருள் சோதனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அடுத்த அடி ஜாக்கெட்டில். டொரன்டோ ஸ்காபரோவில் ஆசையாக வாங்கிய தடிமனான ஜாக்கெட்டின் கையைத் தொட்டுப் பார்த்த பாதுகாப்பு அதிகாரி, "நைலான். தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும்" என்று கழற்றச் சொன்னார். தீ தாங்கும் துணிதான் வேண்டுமாம். வேலை உறுதியாகும்வரை எதையும் வாங்காதீர்கள். மேலுடுப்பு கொம்பனி தருமா என்று முதலிலேயே கேளுங்கள்.

14 நாள் வேலை, 7 நாள் லீவு, ஒரு நாளைக்கு 12 மணி நேரம். மைனஸ் 38-இல் நீராவிக் குழாயைப் பிடித்து உறைந்த வால்வுகளை இளக்குவதும் பனி அள்ளுவதும்தான் புதியவன் வேலை. பயிற்சி என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. எனக்கு வாய்த்தவர் நியூஃபவுண்ட்லாந்துக்காரர், ரிக்கின் கோபுரமான டெரிக்கில் ஏறுபவர். நாம் தம்பி என்பதுபோல என்னைப் "பை" என்றே கூப்பிடுவார். குழாயை முறுக்கும் இடுக்கிக்குப் பக்கத்தில் போகுமுன், "கையை எந்த வழியாக எடுப்பாய், காட்டு" என்பார். காட்டாமல் வைக்க விடமாட்டார். நான் வேலையில் நிலைத்ததற்கு அவர்தான் காரணம். என்னோடு சேர்ந்த ஐந்து பேரில் ஒருவன், சாமான் வாங்க டவுனுக்குப் போன வண்டியில் ஏறியவன், திரும்பவே இல்லை.

மார்ச் கடைசியில் சதுப்பு நிலம் இளகியது. சாலைகளில் பாரவண்டிக்குத் தடை போட்டார்கள், ரிக்கை மடக்கினார்கள், "கூப்பிடுகிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். சரி, வேலையின்மைக் காப்பீடு இருக்கிறதே என்று பார்த்தால், கொம்பனி அனுப்பிய வேலைப் பதிவுப் படிவத்தில், வேலை முடிந்த காரணம் 'இ' (ஆங்கில E) என்று போட்டிருந்தது. 'இ' என்றால் நானே விட்டுப் போனதாக அர்த்தம். வேலை இல்லாததால் அனுப்பினால் 'ஏ' (A) போடவேண்டும். அந்த ஓர் எழுத்தைத் திருத்த மூன்று வாரம், பதினொரு போன். "கூப்பிடுகிறோம்" என்ற குறுஞ்செய்தியை நான் அழிக்காமல் வைத்திருந்ததுதான் கடைசியில் கைகொடுத்தது. நீங்களும் அழிக்காதீர்கள். படிவம் வந்த அன்றே அந்த எழுத்தைப் பாருங்கள்.

அப்புறம் எட்மன்டனில் லாரி ஓட்டினேன். நவம்பரில் அதே எண்ணிலிருந்து அழைப்பு: அனுபவமுள்ள ஆள் கிடைப்பதில்லையாம், வருவீர்களா? ஏப்ரலில் இருந்தோமே என்று வாய்வரை வந்தது. ஃப்ளோர்ஹேண்ட் (ரிக் தளத்தில் வேலை செய்பவர்) சம்பளத்தை எழுத்தில் கேட்டேன், அரை மணியில் அனுப்பினார்கள். கூடவே அதே பழைய பட்டியலும் வந்தது. தாடியைப்பற்றி இன்னும் ஒரு சொல் இல்லை.