உருளையில் ஆரம் செய்யும் வேலை

வீட்டு கேஸ் சிலிண்டரின் வயிற்றைச் சுற்றி ஒரே ஒரு வெல்டிங் கோடு ஓடும். மேலிருந்து கீழாக ஒரு கோடும் கிடையாது. 14.2 கிலோ சிலிண்டரின் உடலை இரண்டு ஆழமான கிண்ணங்களாகத் தகட்டிலிருந்து அழுத்தி எடுத்து, வாயோடு வாய் பொருத்தி நடுவில் பற்றவைக்கிறார்கள். தகட்டை வளைத்துக் குழாயாக்கினால் நெடுக்குவாக்கில் ஒரு வெல்டிங் போட்டே ஆக வேண்டும். அந்த வெல்டிங்தான் அதிகச் சுமை தாங்க வேண்டியிருக்கும்.

கணக்கு எளிது. உருளையை நெடுக்காக இரண்டு பாதியாகப் பிளந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளழுத்தம் அந்த இரண்டு பாதிகளையும் பிரிக்கப் பார்க்கிறது. அழுத்தம் வேலை செய்யும் பரப்பு விட்டம் × நீளம். எதிர்த்துப் பிடித்திருப்பது இரண்டு பக்கச் சுவர்கள் மட்டும். முடிவு: சுவரின் சுற்றுவாட்டுத் தகைவு (சுவரின் ஒவ்வொரு சதுர மி.மீ. வெட்டுப்பரப்பும் தாங்கும் இழுவிசை) = அழுத்தம் × ஆரம் ÷ தடிமன். இப்போது குறுக்காக வெட்டுங்கள். அழுத்தம் தள்ளுவது ஒரு வட்டத்தை, பிடித்திருப்பது முழுச் சுற்றளவு. இங்கே அதே கணக்கு சரிபாதியாகிவிடுகிறது. ஆரம் 160 மி.மீ., தகடு 3 மி.மீ., அழுத்தம் 2.45 மெகாபாஸ்கல் (சோதனையில் கொடுக்கும் 25 கிலோ/சதுர செ.மீ.) என்று போட்டால் சுற்றுவாட்டில் சுமார் 131 மெகாபாஸ்கல், நீளவாட்டில் 65 சொச்சம். வயிற்றைச் சுற்றியுள்ள வெல்டிங்குக்கு அந்த 65தான் வருகிறது. அழுத்தம் தாங்காத தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் நெடுக்குவாக்கில் கிழிவதும் இதனால்தான்.

நீளம் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். சிலிண்டரை இரண்டு மடங்கு உயரமாகச் செய்தாலும் சுவரின் தடிமனைக் கூட்ட வேண்டாம். ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் தடிமனும் இரண்டு மடங்காக வேண்டும். அழுத்தம் மிகுந்த வாயுவை அடைக்கும் ஆக்சிஜன் சிலிண்டர்கள் ஒல்லியாக, உயரமாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கேஸ் சிலிண்டரில் இன்னும் இரண்டு விஷயம். அதன் நீர்க் கொள்ளளவு 33.3 லிட்டர். 14.2 கிலோ திரவம் அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத்தான் பிடிக்கும். மிச்சம் வேண்டுமென்றே விட்ட இடம். முழுக்கத் திரவத்தால் நிரப்பிவிட்டு வெயிலில் வைத்தால், விரிய இடமில்லாத திரவம் எந்தச் சுவரையும் பிளந்துவிடும். சிலிண்டரைப் படுக்கப் போட்டு அடுப்பெரிக்கக் கூடாது என்பதும் இதையொட்டியதுதான்: வால்வுக்கு ஆவி வர வேண்டிய இடத்தில் திரவம் வரும், அது வெளியே வந்து சுமார் 250 மடங்கு விரியும். வாங்கும்போது கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறம் பாருங்கள். ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும்: ஏ என்றால் ஜனவரி–மார்ச், பி ஏப்ரல்–ஜூன், சி ஜூலை–செப்டம்பர், டி அக்டோபர்–டிசம்பர். ‘சி 27’ என்றிருந்தால் 2027 செப்டம்பருக்குள் மறுசோதனை செய்ய வேண்டும். வெற்று எடையும் மேலே எழுதியிருக்கும், அதோடு 14.2 கூட்டினால் தராசில் வர வேண்டிய எண்.

மீதி எவ்வளவு என்று பார்க்க ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காத்திருப்பது பலருக்கும் தெரிந்த வழி. திரவம் இருக்கும் வரை ஈரம் தாமதமாகக் காயும். ஆனால் அடிப்பகுதி கிண்ணம்போல் வளைந்திருப்பதால் கடைசி ஒரு சாண் உயரத்தில் இருப்பது, நடுவில் ஒரு சாணில் இருப்பதைவிடக் குறைவு. ‘இன்னும் கால்வாசி உயரம் இருக்கிறதே’ என்று நம்பினால் பண்டிகை நாளில் தீர்ந்துபோகும்.

என்ஜின் சிலிண்டருக்கு வருவோம். இங்கே ஆரம் வர்க்கமாக வேலை செய்கிறது. ஸ்ப்ளெண்டர் வகை 97.2 சி.சி. பைக் என்ஜினின் போர் (உள்துளையின் விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 49.5 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 1 மி.மீ. கூட்டினால் ஏறத்தாழ 2 சி.சி. கூடும். போரில் 1 மி.மீ. கூட்டினால் ஏறத்தாழ 4. தேய்ந்த துளையைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் வேலைக்கு 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும். கடைசி அளவுக்குப் போனால் வண்டி 101 சி.சி. ஆகிவிடும். சக்தி கூடும் என்று நேராக அந்த அளவுக்குப் போகச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். கூடுவது நூற்றுக்கு நான்கு. அடுத்த முறை தேய்ந்தால் கடைந்தெடுக்க உலோகம் இருக்காது.

தேய்மானம் சீராக வருவதில்லை. பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில், பிஸ்டனைச் சுற்றியுள்ள மேல் ரிங் உரசும் பட்டையில்தான் அதிகம் தேயும். அங்கே வெப்பமும் அழுத்தமும் உச்சம், எண்ணெய்ப் படலமோ மிக மெல்லிசு. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் கட்ஜன் பின்னுக்குச் செங்குத்தான திசையில் பிஸ்டன் சுவரில் சாய்ந்து அழுத்துவதால் அந்தப் பக்கம் நீள்வட்டமாகும். அதனால் உள்விட்டம் அளக்கும் போர் கேஜை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், பின் வாட்டத்திலும் அதற்குக் குறுக்கிலும் வைத்து ஆறு அளவு எடுக்க வேண்டும். கேஜைச் சற்றே ஆட்டி, முள் காட்டும் மிகச் சிறிய விட்டத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். நேராக நின்றுவிட்டது என்று கண்ணால் முடிவு செய்தால் அளவு பெரிதாகக் காட்டும்.

போர் கேஜ் இல்லையா? ஒரு பிஸ்டன் ரிங்கும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். ரிங்கைச் சிலிண்டரில் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளி மட்டமாக்குங்கள். ரிங் உரசாத அடிப்பகுதியில், ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள வாய் இடைவெளியை அளங்கள். பிறகு மேல் தேய்மானப் பட்டையில் அளங்கள். கீழே 0.20, மேலே 0.50 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.30. ரிங் காட்டுவது சுற்றளவை, 3.14ஆல் வகுத்தால் விட்டம் 0.095 மி.மீ. கூடியிருக்கிறது. சாய்ந்து நிற்கும் ரிங் பொய் சொல்லும், அதனால் பிஸ்டனால் தள்ளும் வேலையை விட்டுவிடக் கூடாது. நீள்வட்டத்தை இந்த முறை காட்டாது. அதற்குக் கேஜ்தான் வேண்டும்.

கேஜும் ஏமாறும் ஒரு சந்தர்ப்பம் உண்டு, பட்டறைகளில் பலர் கவனிக்காதது. எல்லாத் திசையிலும் விட்டம் ஒன்றாக இருந்தால் அது வட்டம் என்று அர்த்தமில்லை. பிரிட்டனின் 50 பென்ஸ் நாணயத்துக்கு ஏழு பக்கம், ஆனாலும் எப்படி அளந்தாலும் ஒரே அகலம். மெல்லிய ஸ்லீவை (சிலிண்டருக்குள் செருகும் குழாய்) லேத்தின் மூன்று தாடைச் சக்கில், அதாவது பிடிப்பானில், இறுக்கிப் பிடித்து உள்ளே கடைந்தால், பிடித்திருக்கும்வரை உள்ளே சரியான வட்டம். சக்கைத் தளர்த்தியதும் தகடு பழைய நிலைக்குத் திரும்ப, துளை மூன்று புடைப்புள்ள வடிவமாகிவிடும். இரண்டு முனை கேஜ் அதைக் காட்டாது. மூன்று முனை மைக்ரோமீட்டரைச் சுழற்றி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ரிங் மட்டும் ஒழுங்காக உட்காராமல் எண்ணெய் புகையும். பைக்கின் சிலிண்டர் பேரலில் நான்கு ஸ்டட் போல்ட்கள் இழுப்பதால் வருவது நான்கு புடைப்பு. அது இரட்டைப்படை என்பதால், 45 டிகிரி தள்ளியும் அளந்தால் பிடிபடும்.

ஹோனிங் (துளைச் சுவரைக் கல்லால் தேய்த்து நுண்கீறல் போடுவது) முடிந்த சிலிண்டர் பிளாக்கைப் பெட்ரோலில் கழுவுவது பெரிய தவறு. பெட்ரோல் எண்ணெயைக் கரைக்கும், கீறல்களுக்குள் உட்கார்ந்த கல் துகளை வெளியேற்றாது. சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்துக் கறை வராத வரை கழுவி, உடனே எண்ணெய் தடவ வேண்டும். கொஞ்ச நேரம் விட்டாலும் வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும்.

ஹார்ட் டிஸ்கிலும் சிலிண்டர் உண்டு, அங்கே சுவரே கிடையாது. எல்லாத் தட்டுகளிலும் ஒரே ஆரத்தில் இருக்கும் தடங்களின் தொகுப்புக்கு அந்தப் பெயர். 1961இல் ஐபிஎம் அறிவித்த 1301 இயந்திரத்தில் ஒவ்வொரு பரப்புக்கும் படிக்க எழுத ஒரு தலை, எல்லாத் தலைகளும் ஒரே கையில் சேர்ந்து நகரும். ஆகவே ஒரே சிலிண்டருக்குள் படிக்கக் கையை நகர்த்த வேண்டியதில்லை. பழைய பிசிக்களில் 1024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டர் (தடத்தின் துண்டு), துண்டுக்கு 512 பைட் என்று பெருக்கி 528 மெகாபைட்டில் முட்டிக்கொண்டது இந்த எண்ணின் கைங்கரியம்.

எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டரில் ஆரம் இரண்டு: உள்துளைக்கு ஒன்று, பிஸ்டனோடு சேர்ந்த தண்டுக்கு ஒன்று. 63 மி.மீ. போர், 36 மி.மீ. தண்டு, 160 பார் அழுத்தம் என்றால் தள்ளும்போது ஏறக்குறைய 5 டன், இழுக்கும்போது 3.4 டன். தண்டு பரப்பைத் தின்றுவிடுகிறது. அதே எண்ணெய் ஓட்டத்தில் தண்டு உள்ளே போகும் வேகம், வெளியே வரும் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு. இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது: தண்டுப் பக்கத்துக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கும்போது பின்புறம் 160 பார் கொடுத்தால், முன்புறத்தில் அழுத்தம் 238 பாருக்கு ஏறும். முன் சீல் பிய்த்துக்கொண்டு வரும். சீலை மாற்றினாலும் மறுபடி போகும். சீல் அடிக்கடி போகிறது என்றால் முதலில் திரும்பு குழாயையும் விரைவு இணைப்பு முழுதாக மாட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாதி மாட்டிய இணைப்பு எண்ணெயை விடாது, வெளியிலிருந்து பார்த்தால் சரியாகத்தான் தெரியும்.