பிளாக் கோபாலிமர்: வைவாவில் தடுமாறிய பிறகு நான் படித்த விதம்

ஒரு வகை அலகுகளின் நீண்ட தொடரும் இன்னொரு வகையின் நீண்ட தொடரும் ஒரே சங்கிலியில் இணைந்ததுதான் பிளாக் கோபாலிமர். முதுநிலைப் படிப்பின் கடைசி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஸ்டைரீனும் மெத்தில் மெத்தாக்ரிலேட்டும் சேர்ந்த பிளாக் கோபாலிமரை எதிரயனி முறையில் செய்ய, எதை முதலில் போடுவீர்கள்?" ஸ்டைரீன் என்றேன். சரிதான். "ராஃப்ட் முறையில் செய்தால்?" அதற்கும் ஸ்டைரீன் என்றேன். தவறு. ஏன் தவறு என்று கேட்டபோது என்னிடம் பதிலே இல்லை. இந்தப் பாடத்தை வரிசையாகப் படித்திருந்தேனே தவிர, காரணத்தோடு படிக்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

அந்தக் கேள்விக்கான விடையிலிருந்தே தொடங்குங்கள். எதிரயனி முறையில் வளரும் சங்கிலியின் முனையில் எதிர்மின்சுமை இருக்கிறது. ஸ்டைரீன் முனை வேகமானது, அது மெத்தாக்ரிலேட்டைத் தாக்கும். மெத்தாக்ரிலேட் முனையோ ஈனோலேட்டாக (சுமை ஆக்சிஜன் வரை பரவிய வடிவமாக) நிலைத்துவிடுவதால், அதனால் ஸ்டைரீனைத் தொடங்கிவைக்க முடியாது. எனவே ஸ்டைரீன் முதலில். ராஃப்ட் என்பது ரேடிக்கல் (தனி எலக்ட்ரான் கொண்ட) முனைகளின் வளர்ச்சியை ஒரு கந்தகச் சேர்மத்தால் கட்டுப்படுத்தும் முறை; அதில் கேள்வியே வேறு. அங்கே கந்தகச் சேர்மத்தை விட்டு எந்த ரேடிக்கல் எளிதாகக் கழன்று வரும் என்று பார்க்க வேண்டும். மெத்தாக்ரிலேட் ரேடிக்கல் மூவிணைய வகை (மூன்று கார்பன்கள் சூழ்ந்தது), எளிதில் கழலும். அதனால் அங்கே மெத்தாக்ரிலேட் முதலில். இந்த இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள். மனப்பாடமே தேவைப்படாது.

வரலாற்றுக்கு அதிக நேரம் வேண்டாம். 1956இல் மைக்கேல் ஷ்வார்க் 'உயிருள்ள' பாலிமர்களை, அதாவது மோனோமர் (சங்கிலியின் அலகாகும் சிறு மூலக்கூறு) தீர்ந்தாலும் முனை இறக்காத சங்கிலிகளைக் காட்டினார். 1995இல் ஏடிஆர்பி (ரேடிக்கல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் இன்னொரு முறை), 1998இல் ராஃப்ட். இவ்வளவு போதும். ஆனால் ஷ்வார்க்கின் சோதனையில் வந்த நிறமாற்றத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சோடியம் நாப்தலீனின் பச்சைக் கரைசலில் ஸ்டைரீன் விழுந்ததும் அது சிவப்பாகிறது. அந்தச் சிவப்பு இருக்கும்வரை சங்கிலிகள் உயிரோடு இருக்கின்றன. லேபில் இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாவது மோனோமரைச் சரியாக உலர்த்தாமல் சேர்த்தேன். பிறகு ஜிபிசி (சங்கிலிகளை அளவுப்படி பிரித்துக் காட்டும் சோதனை) எடுத்தபோது முதன்மைச் சிகரம் அதிக மூலக்கூறு எடைப் பக்கம் நகர்ந்திருந்தது, ஆனால் பழைய இடத்தில் ஒரு சிறு தோள் மிச்சமிருந்தது. கருவியின் கோளாறு என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். உண்மையில் அது துளி ஈரத்தால் இறந்துபோன முதல் பிளாக். கிட்டத்தட்ட இரண்டு மாத வேலை வீணானது.

தேர்வில் இதன் இன்னொரு வடிவம் வரும்: "செய்தது பிளாக் கோபாலிமரா, வெறும் கலவையா, எப்படி நிரூபிப்பீர்கள்?" டிஎஸ்சியில் (வெப்ப அளவீட்டுச் சோதனையில்) இரண்டு கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைகள் (கண்ணாடிபோல் இறுகிய பாலிமர் இளகும் வெப்பநிலைகள்) தெரிகின்றன என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். கலவையிலும் இரண்டு தெரியும். என்எம்ஆர் சோதனை காட்டும் இரு அலகுகளின் விகிதமும் அப்படியே. ஜிபிசி சிகரம் முழுவதும் நகர்வதுதான் வலுவான சான்று.

அப்புறம் இயற்பியல். ஒட்டாத இரண்டு பாலிமர்களைக் கலந்தால் எண்ணெயும் நீரும்போலப் பிரிந்துபோகும். நடுவில் ஒரே ஒரு பிணைப்பால் கட்டிவைத்தால் பிரியவும் முடியாது, கலக்கவும் மனமிருக்காது. அதனால் 10 முதல் 100 நானோமீட்டர் அளவில் கோளம், உருளை, கைராய்டு (பின்னிய வலை), அடுக்கு என்று ஒழுங்காக அமைகின்றன. சமச்சீர் இருபிளாக் பிரிய, 'கை' (χ, இரண்டு பாலிமர்களும் எவ்வளவு ஒட்டாதவை என்பதன் அளவு), 'என்' (N, சங்கிலியிலுள்ள மொத்த அலகுகள்) இரண்டின் பெருக்கல் 10.5ஐத் தாண்ட வேண்டும். இந்த எண்ணை வெறுமனே எழுதாமல் கணக்குப் போடுங்கள்: 'கை' 0.04 என்றால், சங்கிலியில் சுமார் 260 அலகுகளாவது வேண்டும். அப்போதுதான் சின்னச் சங்கிலிகள் ஏன் பிரிவதில்லை என்பது மனதில் பதியும்.

மருத்துவப் பகுதியைப் பலர் கடைசி நாளில் ஒரு பட்டியலாகப் படிக்கிறார்கள். எனக்கோ அதுதான் மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் ஒவ்வொரு பயனுக்கும் வேதியியலில் ஒரு காரணம் கிடைக்கும். புளூரானிக் எஃப்127 என்ற மூன்று பிளாக் கோபாலிமரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். எஃப் என்பது செதில் வடிவம். 12ஐ 300ஆல் பெருக்கினால், நடுவிலுள்ள பாலிபுரொப்பிலீன் ஆக்சைடின் தோராய மூலக்கூறு எடை 3600. கடைசி 7, பாலிஎத்திலீன் ஆக்சைடு 70 சதவீதம் என்று சொல்கிறது. இதன் 20 சதவீதக் கரைசல் குளிரில் திரவம், உடல் சூட்டில் ஜெல். சூடேறும்போது நடுப்பகுதி நீரை விட்டுவிட, மைசெல்கள் (நீர்விலக்கும் பகுதி உள்ளேயும் நீர்விரும்பும் பகுதி வெளியேயும் உள்ள சிறு உருண்டைகள்) உருவாகி நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன.

அதேபோல ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் சிறு குழல்) பூச்சு. காலணி அடிப்பாகத்துக்குப் பயன்படும் ஸ்டைரீன்-பியூட்டாடையீன்-ஸ்டைரீனை உடலுக்குள் வைக்க முடியாது, அதன் இரட்டைப் பிணைப்புகள் ஆக்சிஜனேற்றத்துக்கு இடம் கொடுக்கும். நடுவில் ஐசோபியூட்டிலீன் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. பாக்லிடாக்செல் மருந்தோடு அந்தப் பூச்சு கொண்ட ஸ்டென்டுக்கு 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதே மருந்தைப் பாலிஎத்திலீன் கிளைக்கால்-பாலிலாக்டைடு மைசெலுக்குள் ஏற்றிய ஜெனக்சால்-பிஎம் தென்கொரியாவில் 2007இல் ஒப்புதல் பெற்றது. ஒவ்வாமை தரக்கூடிய கிரெமோஃபர் கரைப்பான் இதில் தேவைப்படவில்லை.

மைசெல் பற்றி எழுதினால் அடுத்த கேள்வியும் கூடவே வரும்: ஊசி போட்டதும் ரத்தத்தில் நீர்த்துப்போகுமே, மைசெல் உடையாதா? மைசெல் உருவாகும் குறைந்தபட்சச் செறிவு, சாதாரணச் சோப்பு மூலக்கூறுகளைவிட பிளாக் கோபாலிமர்களுக்குப் பொதுவாக மிகக் குறைவு என்பதிலிருந்து விடையைத் தொடங்குங்கள். நீர்விலக்கும் பிளாக் நீளமானால் அந்தச் செறிவு இன்னும் இறங்கும். பைரீன் என்ற ஒளிரும் மூலக்கூறின் ஒளிர்வை வைத்து அதை அளக்கும் முறையையும் ஒரு வரைபடத்தோடு தயாராக வைத்திருங்கள்.