எனக்குப் பிறகு மணிக்கு யார்?

எனக்கு வயது 62. கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு பழைய தரை வீடு. கூட இருப்பது மணி என்ற 7 வயதுக் கம்போங் நாயும் (நம்மூர்க் கலப்பு நாட்டு நாய்) சின்னு என்ற பூனையும். போன வருடம் பித்தப்பை ஆபரேஷனுக்குப் படிவம் நிரப்பியபோது, அவசரத் தொடர்புக்குத் தம்பி பெயரை எழுதினேன். அவன் இருப்பது கிள்ளானில். எனக்கு ஏதாவது ஆகி, அவன் காரை எடுத்துக்கொண்டு பினாங்கு வந்து சேர்வதற்குள் மணிக்கு இரண்டு வேளைச் சோறு போயிருக்கும். வீடு திரும்பியதும் உயில் எழுதும் வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் போன இடம் உயில் எழுதித் தரும் ஒரு நிறுவனம். நாயைப் பற்றிக் கேட்டதும் அங்கிருந்த இளைஞர் சிரித்துவிட்டு, ஏதோ பேக்கேஜ் விலையைச் சொல்ல ஆரம்பித்தார். சரி, இது ஆகாது என்று எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் ஜோர்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அம்மாவைப் பிடித்தேன். அவர் வீட்டில் மூன்று பூனைகள், அதனால் விஷயம் சட்டென்று புரிந்தது. "அக்கா, சட்டத்துக்கு மணியும் உங்க வீட்டு ஃபிரிட்ஜும் ஒண்ணுதான்," என்றார். இரண்டும் அசையும் சொத்து. அசையும் சொத்துக்கு வேறு சொத்தை எழுதி வைக்க முடியாது. மணியை ஒருவருக்குக் கொடுக்கலாம், மணிக்கு எதையும் கொடுக்க முடியாது.

உயிலே இல்லாமல் நான் போனால் மலேசியாவின் 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி, என்னைப் போன்றவர்களின் சொத்து உடன்பிறந்தவர்களுக்குச் சமமாகப் போகும். தம்பிக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்ளலாம், மணியை என்ன செய்வது? தம்பி மனைவிக்கு நாய் என்றாலே நடுக்கம். தங்கை வீட்டில் கைக்குழந்தை.

உண்மையில் காகிதத்தைவிட ஆள் தேடுவதுதான் பெரும்பாடு. என் மேல் உயிரையே வைத்திருக்கும் தோழி ஒருத்தி, "நான் இருக்கேன்லா, கவலைப்படாதே" என்றாள். ஆனால் அவள் இருப்பது பாயான் பாருவில் அடுக்குமாடி. 2015-ஆம் ஆண்டு அடுக்குமாடி பராமரிப்பு விதிகளின்படி, பிராணி மற்றவர்களுக்குத் தொல்லையானால் நிர்வாகம் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம், கொடுத்த 3 நாளில் அதை வெளியேற்ற வேண்டும். மணி மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே குரைப்பான். அவள் மனம் பெரிதுதான், மாடிப் படிக்கட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் மனம் எப்படியோ.

தம்பி மகள் சிங்கப்பூரில் வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடியில் இருக்கிறாள். அங்கே அனுமதிக்கப்பட்ட சிறு இன நாய் ஒன்றைத்தான் பொதுவாக வைத்துக்கொள்ள முடியும். கம்போங் நாய்க்குத் தனித் திட்டம், தனி நிபந்தனை. பூனைக்கு மட்டும் 2024 செப்டம்பரில் கதவு திறந்தது, ஒரு வீட்டுக்கு இரண்டு வரை.

கடைசியில் சரிவந்தது, தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த ஒரு தங்கச்சி (கூடப் பிறந்தவள் இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம்). ஆயர் ஈத்தாமில் தரை வீடு, சுற்றி வேலி, வீட்டில் ஏற்கெனவே ஒரு கிழட்டு நாய். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். "உன் பெயரை எழுதவா?" என்று கேட்டதற்கு உடனே சரி சொல்லவில்லை. மணியை ஒரு வாரம் தன்னிடம் விடச் சொன்னாள். இரண்டு நாய்களும் ஒத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் தலையாட்டினாள். உடனே சரி என்று சொல்லியிருந்தால் நான் அவளை இவ்வளவு நம்பியிருப்பேனா தெரியவில்லை.

அடுத்தது பணம். உணவு, பூச்சி மாத்திரை, ஆண்டு ஊசி எல்லாம் சேர்ந்து இரண்டுக்கும் மாதம் 250 வெள்ளி (ரிங்கிட்) ஆகிறது. 8 வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 24,000. வயதான காலத்து வைத்தியச் செலவையும் சேர்த்து 30,000 என்று வைத்தேன். அதை அப்படியே தங்கச்சிக்கு எழுதி, 'பிராணிகளைப் பார்த்துக்கொள்' என்று ஒரு வரி சேர்க்கலாம். ஆனால் அந்த வரி வெறும் விருப்பம்தான், யாரையும் கட்டாது என்றார் வழக்கறிஞர். அறக்கட்டளைபோல் எழுதலாமா என்று கேட்டேன். நம் நாட்டின் 1956 சிவில் சட்டம் வழியாக ஆங்கிலேயத் தீர்ப்புகள் இங்கேயும் எடுபடும், அதில் 1889-இல் முடிந்த ஒரு வழக்கு இருக்கிறது என்று சொன்னார். ஒரு கனவான் தன் குதிரைகளுக்கும் வேட்டை நாய்களுக்கும் ஆண்டுக்கு 750 பவுன், 50 வருடம் வரை என்று எழுதிவைத்தார். செல்லும் என்றது நீதிமன்றம். சிக்கல் எங்கே என்றால், பணத்தை வைத்திருப்பவர் ஏமாற்றினால் நாய் போய் வழக்குப் போட முடியாது.

அதனால் பணத்தையும் நாயையும் ஒரே கையில் விடவில்லை. மணியும் சின்னுவும் தங்கச்சிக்கு, 30,000 வெள்ளி தம்பியின் பொறுப்பில். அவன் மாதாமாதம் அவளுக்குக் கொடுப்பான், வைத்தியச் செலவை ரசீது பார்த்துக் கட்டுவான். இரண்டும் போன பிறகு மிச்சம் பினாங்கு எஸ்பிசிஏவுக்கு, அதாவது பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கு. மிச்சத்தையும் தங்கச்சிக்கே எழுதலாமே என்றேன். வழக்கறிஞர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அவள் நல்லவள்தான், ஆனால் நாய் சீக்கிரம் செத்தால் லாபம் என்கிற ஏற்பாட்டை எந்த நல்லவருக்கும் செய்யக் கூடாதாம். எனக்கு அது சரியாகவே பட்டது. இதற்கென்று ஒரு அறங்காவல் நிறுவனத்தை அமர்த்தினால் 30,000-த்தைக் கட்டணமே தின்றுவிடும்.

இன்னொன்றும் சொன்னார். 'மணி', 'சின்னு' என்று மட்டும் எழுதாமல், 'நான் இறக்கும்போது என்னிடம் இருக்கும் பிராணிகள் எல்லாம்' என்று எழுதினோம். நாளைக்கு இன்னொரு குட்டி வந்து சேராது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

உயில் இருந்தாலும் பணம் உடனே வராது. கணக்கு முடங்கும், உயர் நீதிமன்றத்தில் உயிலை உறுதி செய்யும் உத்தரவான புரோபேட் வாங்க மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளிக்குத்தான் இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதி. இபிஎஃப் பணம் உயிலுக்குள் வராது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, நியமனத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே நேராகப் போகும். அதில் 5 விழுக்காட்டைத் தங்கச்சி பெயருக்கு மாற்றினேன். இன்சூரன்ஸ் இப்படி இல்லை. கணவன், மனைவி, பிள்ளை, இவர்கள் இல்லாதபோது பெற்றோர் தவிர வேறு யாரை நியமித்தாலும், அவர் பணத்தை வாங்கி உயில்படி பிரித்துக் கொடுப்பவர் மட்டுமே. முஸ்லிம் நண்பர்களுக்கு உயில் சட்டம் பொருந்தாது, சேமநிதியில் பெயர் இருப்பவரும் பிரித்துக் கொடுப்பவர்தான். வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் எழுதலாம். அவர்கள் ஷரியா வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கையெழுத்துப் போட அதிக நேரமாகவில்லை. இரண்டு சாட்சிகள், ஒரே நேரத்தில், என் கண்ணெதிரே. தங்கச்சியோ அவள் கணவரோ சாட்சி போட்டால் அவளுக்கு எழுதியது செல்லாமல் போகும், அதனால் வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தாக்கள் போட்டார்கள். உயில் எழுதிய பிறகு கல்யாணம் செய்தால் அது ரத்தாகும் என்றும் எச்சரித்தார். அந்தப் பயம் எனக்கு இல்லை.

செத்தால் உயில் பேசும், மயங்கிக் கிடந்தால் பேசாது. என் சார்பில் இன்னொருவர் செயல்படப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கலாமா என்றால், எனக்குப் புத்தி பேதலித்தாலோ நான் செத்தாலோ அதன் ஆயுளும் முடிந்துவிடுகிறது. ஆக முதல் வாரத்துக்கு வேறு ஏற்பாடு: எதிர்வீட்டு ஆண்ட்டியிடம் சாவி, பர்சில் 'வீட்டில் நாயும் பூனையும் இருக்கின்றன' என்று தங்கச்சி நம்பரோடு ஒரு அட்டை, ஒரு உறையில் 1,000 வெள்ளி ரொக்கம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் மணியின் குணமெல்லாம் இருக்கிறது. மாத்திரையைச் சாடின் மீனுக்குள் பொதிந்து கொடுக்க வேண்டும், வெறும் சோற்றில் வைத்தால் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுவான். சீனப் பெருநாள், தீபாவளி வெடிச் சத்தத்துக்குக் குளியலறையில் ஒளிவான், கதவைத் திறந்தே விட வேண்டும். ஊசி அட்டையும் மாநகராட்சி நாய் உரிமமும் அதே தாளுக்குப் பின்னால்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. தங்கச்சிக்கே ஏதாவது ஆனால் என்று உயிலில் மாற்று ஆள் பெயர் வேண்டும். அந்த இடத்தில் இப்போதைக்கு எஸ்பிசிஏ இருக்கிறது, அவர்களிடமும் முன்கூட்டியே பேச வேண்டும். தம்பி மகள் சின்னுவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். அவளிடம் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது, சின்னுவோடு கணக்கு இரண்டாகிவிடும். அடுத்த மாதம் அவள் பினாங்கு வரும்போது உயிலில் அந்த வரியை மாற்றிவிடலாம் என்று வழக்கறிஞரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.